படகில், என் முதுகுக்குப் பின்னால்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய்யைச் சொன்னது நான்தான்.

ஒரு குடும்பப் பத்திரிகையின் உதவி ஆசிரியர் போனில் கூப்பிட்டார். விடுமுறைச் சிறப்பிதழில் 'குடும்பத்தோடு வெளியே' என்று ஒரு பகுதி வருகிறதாம். எண்ணூறு சொற்கள், படிக்கிறவர் முகத்தில் புன்னகை வர வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் குடும்பமாக வெளியே போவதுண்டு அல்லவா என்று கேட்டார். வாராவாரம் என்றேன். வாய் தவறி வந்த பதில் இல்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

உண்மையில் கடந்த இரண்டு வருடங்களில் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து போன இடங்கள் இரண்டு. ஒன்று கல்யாண மண்டபம், இன்னொன்று பல் மருத்துவமனை. அங்கேயும் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

பொய்யை ஒரு வாரத்துக்காவது உண்மையாக்கி விடலாம் என்று தோன்றியது. வாழ்ந்ததை எழுதுகிறவர்கள் உண்டு. நான் எழுதுவதற்காக ஏரிப் பூங்காவுக்குப் போனவள்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'ஞாயிற்றுக்கிழமைக் காலை. இளங்கதிர்கள் ஏரியைத் தழுவ, சிரிப்பும் கும்மாளமுமாக எங்கள் குடும்பம்…'

[இங்கேயே நிறுத்திவிட்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. கதிர்கள் எதையும் தழுவவில்லை, மண்டையைப் பிளந்தன. கும்மாளம் என்ற சொல்லை என் வாழ்நாளில் வாயால் சொன்னதே இல்லை.]

இரண்டாவது தொடக்கம்:

'இயற்கை நமக்குக் கற்றுத் தரும் பாடம் என்னவென்றால்…'

[என்னவென்று எனக்கும் தெரியவில்லை.]

மூன்றாவது:

'என் கணவரும் மகளும் பேசிக்கொண்டு பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.'

இதை எழுதியபின் பேனா நிற்கவில்லை. எண்ணூறு சொற்களும் புன்னகையும் என்ன ஆனால் என்ன என்று இதையே வைத்துக்கொண்டேன்.

3

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே கொண்டுவருவது அவர் வேலை. இருபது மாடிப் பள்ளத்துக்கு மேலே ஒரு கையகலப் பலகையில் நின்று சாவகாசமாகத் திருகாணி முடுக்குவார். உள்ளே தவிக்கிறவர்களிடம், "நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகலை" என்று சொல்லும் குரலைக் கேட்டால் நமக்கே ஒரு தடவை மாட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். வீட்டுக்கு அந்தக் குரல் வருவதில்லை. வழியிலேயே எங்கோ கழற்றி வைத்துவிட்டு வருவார்.

மகளுக்குப் பதினாறு வயது. தடை ஓட்டக்காரி. பள்ளிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டிக்கு அப்பா கட்டாயம் வருவதாகச் சொல்லியிருந்தார். கிளம்பும் நேரத்தில் எங்கோ ஒரு லிஃப்ட் நின்றுபோனது. அவர் அங்கே போனார். இவள் ஏழாவது தடையில் கால் தட்டி நாலாவதாக வந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் சொன்னது: "இனிமே உங்களைப் பாக்கணும்னா லிஃப்ட்ல போய் மாட்டிக்கிறேன்ப்பா."

அவர் சொன்னது: "மூச்சுத் திணறிட்டு ஒரு கர்ப்பிணி உள்ள இருந்தாங்க. உனக்கு ஓட்டம்தான் பெரிசு."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் சமாதானத்துக்கு வழியே இல்லாமல் போயிற்று. மறுநாளிலிருந்து பேச்சு என் வழியாகத்தான் நடந்தது. ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு, "அம்மா, அப்பாகிட்ட உப்பைத் தள்ளச் சொல்லு" என்பாள். உப்பு அவர் கைக்கும் அவள் கைக்கும் நடுவில் இருக்கும். நான் சமையலறையில் இருப்பேன்.

நாலாவது ஆள் என் நாத்தனார். கணவரின் அக்கா. பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிறார். உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறும்போது பள்ளிக்கூடத்தைத் திருப்பிக் கொடுத்தார், விசிலைக் கொடுக்கவில்லை. மகளுக்குத் தடை தாண்டச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

(ஒரு குறிப்பு: என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லியாக வேண்டும், பிறகு தேவைப்படும். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை எனக்கு. பதினாலு வருடமாக எதிரே ஒருவரை உட்கார வைத்து, அவருடைய வலது கண் எனக்கு இடப்பக்கம் என்று கணக்குப் பண்ணியே பழகிவிட்டது.)

4

பூங்காவுக்குப் போகலாம் என்று நான் சொன்னதும் நாத்தனார் பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஏழு பத்துக்கு வாசலில் கூட வேண்டும், ஏழு பதினைந்துக்குத் தலை எண்ண வேண்டும் என்று அட்டவணை போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். நாலு தலையை எண்ண ஐந்து நிமிடம். கிளம்பியது ஒன்பதே முக்காலுக்கு.

முதல் நிகழ்ச்சி பூப்பந்து. காற்று பலமாக இருந்ததால் நாங்கள் அடித்த பந்து எல்லாம் எங்கள் பக்கமே திரும்பி வந்தது. ஒரு பந்து மரத்தில் தங்கியது. அதை இறக்க ஒரு மட்டையை எறிந்தோம், மட்டையும் தங்கியது. என் கணவர் மரத்தில் ஏறி இரண்டையும் எடுத்துவந்தார். உயரம் என்றால் அவருக்கு ஒன்றுமே இல்லை. மகள் கீழே நின்று என்னிடம், "பாத்து இறங்கச் சொல்லும்மா" என்றாள். சொன்னேன். "சரின்னு சொல்லு" என்றார். சொன்னேன்.

இரண்டாவது நிகழ்ச்சி படகு.

அன்னப்பறவை உருவத்தில் மிதிபடகு. கழுத்து ஒரு தடவை ஒடிந்து வேறு வெள்ளையில் ஒட்டப்பட்டிருந்தது. முன்னால் இரண்டு இருக்கை, காலுக்குப் பெடல், நடுவில் திருப்புவதற்கு ஒரு கைப்பிடி. பின்னால் இரண்டு இருக்கை, அவை பின்பக்கம் பார்த்தவை. அதாவது பின்னிருக்கைக்காரர்கள் முன்னிருக்கைக்காரர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விட்டுவந்த கரையையே பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

கணவர் படகில் ஏறத் தயங்கினார். நீங்கள் மூன்று பேரும் போங்கள், நான் செருப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டே ஏறலாம் என்று சொல்லி, படகுக்காரர் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார். பிறகு எங்களை ஏற இறங்கப் பார்த்து, "கனமானவங்க ரெண்டு பேரும் பின்னாடி" என்றார். நானும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குள் இருந்த எல்லா மனஸ்தாபமும் அந்த நிமிடத்தில் தீர்ந்தது.

ஆக, பத்தொன்பது நாள் பேசாத இருவரும் தோளோடு தோள் இடிக்க முன்னால். இதை நான் திட்டமிடவில்லை. கதை எழுதுகிறவள் என்பதால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

5

படகு முதலில் வட்டமடித்தது. ஒருவர் வேகமாகவும் ஒருவர் மெதுவாகவும் மிதித்தால் அப்படித்தான் ஆகும் என்று நாத்தனார் விளக்கினார். கைப்பிடி கணவரிடம் இருந்தது.

"அம்மா, வலது பக்கம் திருப்பச் சொல்லு. எதிர்ல செடி" என்றாள் மகள்.

நான் பொறுப்பான ஆள். அவர்கள் பார்ப்பது அந்தப் பக்கம், நான் பார்ப்பது இந்தப் பக்கம், ஆகவே அவர்களின் வலது எனக்கு இடது என்று நொடியில் கணக்குப் போட்டு, "ஏங்க, இடது பக்கம் திருப்புங்க" என்றேன்.

திருப்பினார்.

"இடதுக்குப் போறாரும்மா."

"இன்னும் நல்லா இடதுக்குத் திருப்புங்க."

ஆகாயத்தாமரை படர்ந்திருந்த பகுதிக்குள் அன்னம் தலையை நுழைத்தது. பெடல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு இறுகி நின்றது. கரை தூரத்தில் இருந்தது.

நாத்தனார் விசிலை எடுத்து மூன்று முறை ஊதினார். உலகம் முழுக்க அதற்கு ஆபத்து என்று அர்த்தமாம். அந்த ஏரியில் அதற்கு நேரம் முடிந்தது என்று அர்த்தம். எங்கள் கண்ணெதிரே எல்லாப் படகுகளும் ஒழுங்காகத் திரும்பிக் கரைக்குப் போயின. படகுக்காரர் ஒவ்வொன்றாக வாங்கிக் கட்டுவதில் மும்முரமானார். ஏரியில் நாங்கள் மட்டும் மிச்சம்.

 படகு இலேசாக நடுங்கியது. அலை என்று நினைத்தேன். தண்ணீரைப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது.

நாத்தனார் பொழுதுபோகட்டும் என்று முதலுதவி சொல்லித் தர ஆரம்பித்தார். தண்ணீரில் விழுந்தவரை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், எத்தனை நிமிடத்துக்குள் மூச்சு வராவிட்டால் நம்பிக்கையை விட்டுவிடலாம் என்பதையெல்லாம், வெட்டவெளியில் கத்திப் பழகிய குரலில்.

அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "அப்பா" என்று கேட்டது.

நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். சொல்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. அவள் என்னைக் கூப்பிடவில்லை.

திரும்பிப் பார்க்கப் போனேன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. "அம்மா, அசையாதே. யாரும் அசையக் கூடாது" என்றாள். அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறேனே என்று இருந்தது.

அதற்கப்புறம் பதினைந்து நிமிடம் முன்னிருக்கையில் பேச்சு நடந்தது. தணிந்த குரல்கள். நாத்தனார் இப்போது எலும்பு முறிவுக்கு வந்திருந்தார். எனக்குக் கேட்டவை இவ்வளவுதான்:

"கீழ பாக்காதீங்க. என்னைப் பாருங்க."

பிறகு அவர் ஏதோ சொன்னார். நீளமாக.

பிறகு அவள்: "எனக்குத் தெரியாதேப்பா."

பிறகு இருவரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாத சிரிப்பைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

பிறகு வேரும் இலையுமாகச் செடிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்து என்னைக் கடந்து மிதந்து போயின. பெடல் சுற்றியது. ஒண்ணு, ரெண்டு என்று இரண்டு குரலும் சேர்ந்து எண்ண, படகு நேராகப் போனது.

6

கரையில் படகுக்காரர் நாத்தனாரிடம் விசிலைப் பற்றி ஏதோ கேட்டார். பதிலுக்கு, அந்த ஆள் நின்றுகொண்டிருக்கும் விதம் முதுகெலும்புக்குக் கெடுதல் என்று நாத்தனார் சொன்னார். அந்த இடைவெளியில் நான் சாட்சியங்களைச் சேகரித்தேன்.

மகளின் இரண்டு கையும் தோள்வரை நனைந்து சேறாக இருந்தன. கணவரின் சட்டைக் கைகளில் ஒரு துளி ஈரம் இல்லை. ஆனால் அவருடைய வலது உள்ளங்கையில் குறுக்காக ஒரு சிவந்த தடம், லைஃப் ஜாக்கெட் வார் அளவுக்கு. அவள் வெளியே குனிந்து செடியை அறுத்தபோது முதுகு வாரை அவர் பிடித்திருக்கிறார். சாதாரணமாகப் பிடித்தால் அப்படிப் பதியாது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

புல்வெளியில் பாய் விரித்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தோம். அவர் யாரையும் பார்க்காமல், "எந்தத் தடையில கால் தட்டுச்சு?" என்று கேட்டார்.

"ஏழாவது."

"அதுக்கு முன்னாடி எப்படி இருந்த?"

"முதல்ல இருந்தேன்."

கொஞ்ச நேரம் வெள்ளரிக்காயை மென்றார். பிறகு எழுந்து, "ஓடிக் காமி" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். நாத்தனார் அதற்குள் எழுந்து காலடியால் தூரம் அளந்து எங்கள் மூட்டை முடிச்சுகளை வைக்க ஆரம்பித்துவிட்டார். சுருட்டிய பாய், சாப்பாட்டுக் கூடை, என் கைப்பை, தண்ணீர்க் குடுவை, குடை, மட்டைகள். ஏழாவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என் கணவர் போய் அந்த இடத்தில் குனிந்து, கையை முழங்காலில் ஊன்றி நின்றார்.

நாத்தனார் விசில் ஊதினார். வெறுங்காலோடு அவள் ஓடிவந்தாள். கூடையைத் தாண்டினாள், குடையைத் தாண்டினாள், மட்டையைத் தாண்டினாள். பூங்காவில் இருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஏழாவதில் அவள் உள்ளங்கால் அவர் முதுகில் பட்டும் படாமல் போயிற்று. தாண்டியதும் அவர் நிமிர்ந்து, முழுக்கால் சட்டையோடு, தொந்தியோடு, அவள் பின்னாலேயே ஓட ஆரம்பித்தார். எதற்கு ஓடினார் என்று கேட்டால் முடிவைப் பார்ப்பதற்கு என்கிறார். ஓடியவள் ஒருத்திதான். முதலிடம் யாருக்கு என்பதில் அவருக்கு என்ன சந்தேகமோ.

[இந்த இடத்தில் 'என் கண்கள் பனித்தன' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். என் கைப்பையில் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது, அதை மிதித்திருப்பாளோ என்றுதான் அப்போது நினைத்தேன். கண் பனித்தது வீட்டுக்கு வந்து, பாத்திரம் தேய்க்கும்போது.]

7

இனி எழுத்தாளரின் சங்கடம். கதையின் உயிர் அந்தப் பதினைந்து நிமிடத்தில் இருக்கிறது. அப்போது நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு எலும்பு முறிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கணவரைக் கேட்டேன். "செடி மாட்டிச்சு. எடுத்தோம்" என்றார். மகளைக் கேட்டேன். "அது எங்களுக்குள்ளம்மா" என்றாள். நாத்தனாரைக் கேட்டேன். விசிலால்தான் எல்லாரும் தப்பித்தோம் என்று எழுதச் சொன்னார்.

சரி, நானே எழுதிப் பார்க்கிறேன். கடையில் செய்வதுபோல ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டுக் காட்டுகிறேன். எதில் தெளிவாகத் தெரிகிறது என்று நீங்கள் சொல்லுங்கள்.

முதலாவது: அப்பா மன்னிப்புக் கேட்கிறார். 'என்னை மன்னிச்சிடும்மா, அன்னிக்கு நான்…' — இல்லை. இந்த மனிதர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்க நினைத்தால் சைக்கிளுக்குக் காற்றடித்து வைப்பார்.

இரண்டாவது: மகள் அழுகிறாள். 'உங்க வேலை எவ்வளவு முக்கியம்னு இப்பத்தான்…' — இல்லவே இல்லை. பதினாறு வயதில் எந்தப் பெண் அப்படிப் பேசுவாள்? அப்படிப் பேசினால் நான் டாக்டரிடம்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

மூன்றாவதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்த்தேன். கடற்கரை: நாங்கள் எல்லாரும் அலையில் நிற்கிறோம், அவர் படத்திலேயே இல்லை. அருவி: இல்லை. ஆற்றில் அவருடைய நண்பர்கள் குளிக்கிற படம்: மூலையில் கரையில் உட்கார்ந்து ஆறு ஜோடிச் செருப்புக்குக் காவல் இருக்கிறார். பதினேழு வருடமாக இதைப் பொறுப்பு என்று நினைத்திருக்கிறேன். ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

தண்ணீர் நடுங்கவில்லை. பெடலில் இருந்த அவருடைய முழங்கால் நடுங்கியது. பக்கத்தில் இருந்தவளுக்கு அது தெரிந்தது. அவள் நினைத்திருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாம், அத்தையிடம் சொல்லியிருக்கலாம், பத்தொன்பது நாளுக்கும் சேர்த்துப் பழிவாங்கியிருக்கலாம். "அப்பா" என்றாள். அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். படித்து முடிக்கும்வரை மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பயம்னு போடாதே. தண்ணி ஒத்துக்கலைன்னு போடு" என்றார்.

போட்டுவிட்டேன்: அவருக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது.

மகள் பென்சிலோடு வந்து படித்தாள். நான் கற்பனை செய்து வைத்திருந்த உரையாடலை, இரண்டு பக்கம், நல்ல உரையாடல், நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தாள். மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றாள். அவர் நீளமாகச் சொன்னாரே, அது என்ன, ஒரு வரியாவது கொடு என்று கெஞ்சினேன்.

"நீ கதை எழுதறவம்மா. உனக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

 இதோ, நீங்களே படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

(இன்னொரு குறிப்பு: பத்திரிகைக்குப் பூப்பந்தை மட்டும் வைத்து எண்ணூறு சொல் எழுதி அனுப்பினேன். உதவி ஆசிரியருக்குப் புன்னகை வந்ததாம். அடுத்த வாரம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.)

8

முடிவு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வாசலில் சத்தம் கேட்டு எழுந்தேன். அப்பாவும் மகளும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எங்கே என்றேன். சும்மா, காலாற நடக்க என்றாள். அவர் கையில் ஒரு பை. பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி அதை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். பையின் வாயில் துண்டு எட்டிப் பார்த்தது.

ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தார்கள். அவருடைய தலைமுடி படிந்திருந்தது, கண்கள் சிவந்திருந்தன. மூன்று இட்லி சாப்பிடுகிறவர்

[இல்லை, இட்லிக் கணக்கெல்லாம் ஊருக்கு வேண்டாம்.]

வழக்கமாகச் சாப்பிடுவதைப்போல் இரண்டு மடங்கு சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.  அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

மூன்றாவது ஞாயிறு நான் பின்னால் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கதைக்கு முடிவு வேண்டுமென்றுதான் போனேன். இரண்டு தெரு தள்ளிப் பொது நீச்சல் குளம் இருக்கிறது. சுற்றிலும் உயரமான சுவர், பச்சை வர்ணம் அடித்த இரும்புக் கதவு. கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை. உள்ளே தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்டது. ஒழுங்கில்லாத சத்தம். யாரோ தண்ணீரோடு சண்டை போடுவதுபோல. நடுநடுவே அவள் குரல் வந்தது:

"நான் இங்கதான் இருக்கேன்ப்பா. எங்கயும் போகலை."

கதவில் கை வைத்தேன். இலேசாகத் தள்ளினால் போதும். அவர் மிதக்கிறாரா, மூழ்குகிறாரா, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா என்று தெரிந்துவிடும். ஒரு வரியில் எழுதிவிடலாம்.

அவர் என்னைப் பார்த்தால் என்ன செய்வார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டேன்.

கதவு இன்னும் தாழிடாமல்தான் இருக்கிறது. உங்களை அவருக்குத் தெரியாது. நீங்கள் போனால் யாரோ குளிக்க வந்தவர் என்று நினைத்துக்கொள்வார். போய்ப் பார்ப்பதானால் பாருங்கள். பார்த்ததை என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். நான் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்கிறேன், இரண்டு பேரும் பசியோடு வருவார்கள்.